பழைய சவுத் பெண்ட் லேத்தை மீட்டெடுக்கும் முறை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரில் 1906இல் தொடங்கப்பட்ட நிறுவனம் தயாரித்த ஒன்பது அங்குல லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்), துருவேறிய நிலையிலும் ஓடக்கூடிய நிலையிலும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குபவர்களில் பலர் பெயிண்ட் வேலையிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். பெயிண்ட் கடைசியாக வரவேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. இத்தகைய இயந்திரத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது, அது தயாரான நாளில் பெற்ற துல்லியத்தில் எஞ்சியிருக்கும் பகுதியைத்தான். அதை அளந்து பார்க்காமல் எந்தப் பரப்பிலும் உப்புத்தாளை வைக்கக் கூடாது.

லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டின் வலது கோடியில், முன்பக்கத் தடங்களுக்கு (பாகங்கள் நகரும் வரம்புகளுக்கு) நடுவே, வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, உங்களுடையது எந்த மாடல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ மாடலில் நெம்புகோலால் மாற்றக்கூடிய கியர் பெட்டி உண்டு. பி, சி இரண்டிலும் மரை வெட்டும் கியர்களைக் கையால் கழற்றி மாற்ற வேண்டும். உதிரி பாகம் தேடும்போது இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பணம் வீணாகும்.

பெட்டில் மூன்று ‘வி’ தடங்களும் ஒரு தட்டைத் தடமும் இருக்கின்றன. வெளிப்புறத்தில் உள்ள இரண்டு ‘வி’ தடங்களில், வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் கேரேஜ் ஓடுகிறது. உட்புறத்தில் உள்ளவற்றில், பொருளைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கும், எதிர்முனையில் பொருளைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கும் அமர்ந்திருக்கின்றன. கேரேஜ் பெரும்பாலும், பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் அருகிலேயே உழைப்பதால் வெளித் தடங்கள் அங்கேதான் அதிகம் தேய்ந்திருக்கும். உள் தடங்களோ பெரும்பாலும் அவ்வளவு தேய்ந்திருக்காது. எனவே டயல் கேஜை (நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவியை) டெயில்ஸ்டாக்கின் அடிப்பகுதியில் பொருத்தி, அதன் முனையை வெளித் தடத்தின் சரிவில் வைத்து, டெயில்ஸ்டாக்கைப் பெட்டின் நீளத்துக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால், எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது முள்ளின் அசைவிலேயே தெரிந்துவிடும். சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத் தேய்மானத்துக்காகப் பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டாம். அத்தகைய லேத்திலும் சிறு வேலைகளை நன்றாகவே செய்யலாம்.

கழற்றத் தொடங்கும் முன், சக்குக்கு அடியில் தடங்களின் மேல் ஒரு மரப்பலகையை வையுங்கள். சக் இறுகிக்கொண்டிருந்தால், வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டு, சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைப் பூட்டி முறுக்குவது பலரின் வழக்கம். கியர் பற்கள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு ஓரிரவு ஊற விடுங்கள்; பிறகு பெல்ட்டின் மூலம் ஸ்பிண்டிலைப் பிடித்துக்கொண்டு, சக்கில் ஒரு கனமான கம்பியை இறுக்கி, அதைச் சட்டென்று இழுங்கள்.

மிகுந்த நிதானம் தேவைப்படும் இடம் ஸ்பிண்டில். ஒன்பது அங்குல லேத்தில் அது வார்ப்பிரும்பு ஹெட்ஸ்டாக்கிலேயே கடைந்தெடுத்த துளைகளுக்குள் நேரடியாகச் சுழல்கிறது. அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, அடியிலுள்ள எண்ணெய்க் குழியிலிருந்து ஸ்பிரிங் தாங்கிய கம்பளித் திரி ஒன்று எண்ணெயை ஏற்றி ஸ்பிண்டிலைத் தடவிக்கொண்டே இருக்கும். பல ஆண்டு அழுக்கில் அந்தத் திரி பலகை போல் கெட்டியாகிவிட்டால் எண்ணெய் ஏறாது. வெளியே பளபளக்கும் இயந்திரம் உள்ளே வறண்டு தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே திரிகளைக் கட்டாயம் மாற்றுங்கள். செயற்கை இழை வேண்டாம், கம்பளியே வேண்டும். ஸ்பிண்டிலைத் திரும்பச் செருகும்போது, திரிகளைக் கீழே அழுத்தி, பக்கத்துத் துளை வழியாக ஒரு கம்பியைச் செருகிப் பிடித்துவைத்து, ஸ்பிண்டில் இடத்தில் அமர்ந்த பின்னரே கம்பியை உருவ வேண்டும். இல்லையெனில் புதுத் திரி கிழிந்துவிடும். பேரிங்கின் (ஸ்பிண்டில் சுழலும் அந்தத் துளையின்) பிளவில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடுகளை) இடம் மாற்றாதீர்கள். அந்தப் பிளவில் ஆப்பு அடித்து அகலப்படுத்தவும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

பொருத்திய பிறகு, ஸ்பிண்டில் துளையில் ஒரு கம்பியைச் செருகி, சுமார் 34 கிலோ விசையில் மேலே தூக்கிப் பாருங்கள். டயல் கேஜ் 0.018 முதல் 0.025 மில்லிமீட்டர் வரை காட்டினால் பேரிங் இடைவெளி சரியாக இருக்கிறது. ஸ்பிண்டிலுக்கு ஐ.எஸ்.ஓ. 22 தர (எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்) எண்ணெயும் தடங்களுக்கு 68 தரத் தட எண்ணெயும் பொருந்தும். வண்டி என்ஜின் ஆயில் அழுக்கைத் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால் அதைத் தவிர்க்கவும்.

துருப்பிடித்த சிறு பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைசலில் நேர்மின்சாரம் செலுத்தும் முறை நல்லது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நேர்முனையில் சாதாரண இரும்பையே பயன்படுத்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டால் நச்சுக் குரோமியம் கரைசலில் கலந்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டி எடுங்கள், முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், துல்லியமான ரசமட்டத்தால் பெட்டின் முறுக்கை நீக்குங்கள். பிறகு சக்கில் மட்டும் பிடித்த ஒரு கம்பியில் 100 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு வளையங்களை மெல்லிய வெட்டாகக் கடைந்து அளவெடுங்கள். இரண்டும் ஒரே விட்டம் வரும்வரை டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலின் அடியில் ஷிம் வைத்துச் சரிசெய்து, ஸ்டாண்டு படிந்த சில வாரங்களுக்குப் பின் அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.