கடைசிச் சொல் காணாமல் போனது

மாலைக் கல்லூரியில், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெரியவர்களுக்கு மேடைப்பேச்சு கற்பிக்கிறேன். யார் பேசினாலும் பின்வரிசையில் இருப்பவர்கள் "என்ன சொன்னார்?" என்றே கேட்டார்கள். மைக் வைத்தேன். மூச்சுப்பயிற்சி கொடுத்தேன். மெதுவாகப் பேசச் சொன்னேன். இரண்டு வாரங்கள் வீண்.

பிறகு கைபேசியைக் கடைசி பெஞ்சில் வைத்துப் பதிவு செய்து கேட்டேன். குரல் முழுவதும் தணியவில்லை. வாக்கியத்தின் முடிவில் மட்டும் தேய்ந்தது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 'பணத்தைக் கொடுத்தோம்', 'பணத்தைக் கொடுக்கவில்லை' இரண்டையும் பிரிப்பதே அந்தக் கடைசிச் சொல்தான்!

பேசுபவர் வினைமுற்றுக்கு முன் ஒரு நொடி நிறுத்தி, கடைசி வரிசையில் ஒருவரைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும் என்றேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் மட்டும் கடைசி வரிசைக்காரர் கை தூக்க வேண்டும். இந்தப் பயிற்சியின் மூன்றாவது வகுப்பில் கைகள் தவறாமல் உயர்ந்தன. பெரிய நிம்மதி.