பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறவர்களுக்கு

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பகலில் வீட்டில் யார் இருப்பாங்க? எந்தப் புத்தகம், எந்த போர்டு, ஆன்லைன் வகுப்பு உண்டா என்பதெல்லாம் அப்புறம். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை அடுப்பையும் செல்போனையும் விட்டுவிட்டு, பிள்ளை பக்கத்தில் உட்கார ஒரு பெரிய ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவானால் மற்றதை ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். முடிவாகவில்லை என்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீங்க. பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள கோபம் மட்டும் போதாது.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்து வீரவநல்லூர். வீட்டுக்காரர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மூத்தவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு ஏழு. காலைப் பாடம் என்னோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையோடு வாசிப்பும் கதையும். சாயங்காலம் அப்பாவோடு கடையில். இதை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகுதான் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டோம். பேசும்போது அத்தை கேட்ட கேள்வி, "ஏளா, பத்தாப்புப் பரிச்சைய யாரு வந்து நம்ம வீட்டுல நடத்துவா?" நியாயமான கேள்வி. அதனால் முதலில் பரீட்சையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி, எல்லாரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, பதிவு ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். அங்கே கணக்கு கட்டாயமில்லை. அதற்காகக் கணக்கை விட்டுவிடாதீங்க, பின்னால் பல படிப்புக்குக் கதவு அடைபடும். தமிழையும் கட்டாயம் ஒரு பாடமாக எடுக்கச் சொல்வேன்.

மற்றது நம் மாநில அரசின் தனித்தேர்வு, பள்ளியில் சேராமலே எழுதுவது. பன்னிரண்டரை வயது முடிந்த பிள்ளை எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அது தேறினால் பதினாலரை முடிந்ததும் பத்தாம் வகுப்பு எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், தேதியைத் தவறவிடக் கூடாது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்கள் மகளுக்கு இந்த வழியைத்தான் யோசித்து வைத்திருக்கிறோம், சமச்சீர்ப் புத்தகம் அவளுக்குப் பழக்கம் என்பதால்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் எல்லோரும் கேட்பது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் அது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு பிரிவு சொல்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. வீட்டுக்கல்விக்குத் தனி அங்கீகாரமும் இல்லை. அதே சட்டத்தில் நமக்கு ஆறுதலான ஒன்றும் உண்டு: இடையில் நின்ற பிள்ளையையும், சேராமலே இருந்த பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரிப்பட்டு வராவிட்டால் திரும்பிப் போக வழி திறந்தே இருக்கிறது.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். ஒளிக்க வேண்டாம், விறைப்பாகவும் பேச வேண்டாம். குழந்தைத் தொழிலாளர்கள் இல்லாமல் போவதற்காக அவர்கள் வெயிலில் அலைகிறார்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சர் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சின்னவனுக்கு எழுத்து கோணுது, நாலுவரி நோட்டுல எழுத வைங்கம்மா என்று சொல்லிப் போனார். அன்றைக்கே வாங்கினோம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மறு வருடம் வந்தது. கல்லூரியில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதைப் பார்த்தே கிடைக்கும். வீட்டில் படித்தால் இவை கிடைக்காது. உங்கள் வீட்டு நிலைமைக்கு இது பெரிய விஷயம் என்றால், ஐந்தாம் வகுப்பு வரை வீட்டில் வைத்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இனிப் படிப்பு. பள்ளியை விட்டு வந்த பிள்ளையை மறுநாளே பெஞ்சு போட்டு உட்கார வைக்காதீங்க. ஒரு மாதமாவது தூங்கட்டும், விளையாடட்டும், சத்தமாக வாசித்துக் காட்டுவதை மட்டும் விடாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகு தினமும் தமிழ் வாசிப்பு, கணக்கு, கொஞ்சம் எழுத்து. இந்த மூன்றுக்கும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகம் கையில் இருப்பது நல்லது, பிள்ளை பென்சிலால் கோடு போட்டு வாசிக்கும்.

கணக்கை மட்டும் முதலில் புத்தகத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு கல்யாணத்துக்குப் போன பாத்திரம் கடைக்குத் திரும்பி வந்தது. சீட்டில் தம்ளர் 250. எண்ணுகிற வேலை சின்னவனுக்கு. முதலில் ஒவ்வொன்றாக எண்ணினான், நாற்பதைத் தாண்டும்போது குழம்பிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பத்துத் தம்ளரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அவன் முன்னால் வைத்தார், அவ்வளவுதான். அவனே மிச்சத்தை அடுக்கினான். இருபத்து நாலு அடுக்கு, தனியாக மூன்று. "எத்தனல?" "இருநூத்தி நாப்பத்தி மூணுப்பா." "எத்தன குறையுது?" கையை விரித்துப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அந்த மூன்று தம்ளர் அடுக்கில் இன்னும் எத்தனை போட்டால் பத்தாகும் என்று வாய்க்குள் எண்ணி, "ஏழு" என்றான். தம்ளருக்கு நாற்பது ரூபாய் வீதம் இருநூற்று எண்பது என்று அக்காள் சீட்டில் எழுதினாள். மறுநாள் காலை இடமதிப்புப் பாடத்தைத் திறந்தபோது பத்துகள் வரிசையைப் பார்த்து, "இது அடுக்குல்லா?" என்று கேட்டான். நான் சொல்லிக் கொடுக்க மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

கடை இல்லாத வீட்டில் ரேஷன் சீட்டு, பால் கணக்கு, தறி, வயல் என்று ஏதோ ஒன்று இருக்கும். எங்கள் ஊரில் தறி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாவு நூல் எண்ணுவதிலேயே பெருக்கல் வந்துவிடும். ஆனால் புத்தகத்தையும் விட்டுவிடக் கூடாது. வீட்டு வேலையில் வராத பகுதி எது என்று புத்தகம்தான் காட்டிக் கொடுக்கும். எங்களுக்குக் கோணமும் வரைபடமும் அப்படித்தான் தெரிய வந்தது.

மூத்தவளுக்கு இந்த வருடம் தாமிரபரணிதான் பாடம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டையும் ஒரு நீளத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். எந்தக் கால்வாய் எந்த ஊருக்குப் போகிறது, கார் சாகுபடிக்கு எப்போது திறப்பார்கள், அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு எப்போது என்று வயலுக்குப் போகிற மாமாக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்தபோது சாமியானாக் கயிற்றால் கரையில் பத்து மீட்டர் அளந்து, ஒரு சிரட்டையை மிதக்க விட்டாள். தம்பி செல்போனில் நேரம் பார்த்தான். பதினாலு விநாடி. கரையோரம் விட்டதற்கும் நடுவில் போட்டதற்கும் நேரம் ஏன் மாறுது என்ற கேள்வியில் அந்த வாரமே ஓடிவிட்டது. தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது, நானும் கூடவே நின்றேன்.

நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு நிறைய. செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்விட்டால் கொக்கிரகுளத்தில் 1987-இல் திறந்த மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வாரநாளில் போங்கள், கூட்டம் இருக்காது, பிள்ளை ஒரே கருவி முன்னால் அரைமணி நேரம் நின்றாலும் யாரும் தள்ள மாட்டார்கள். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகமும் மாவட்ட மைய நூலகமும் இருக்கின்றன. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் குளிர்காலம் தொடங்கி வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும், பறவைக்காக அந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. இதெல்லாம் போகும்போது நோட்டு கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் கட்டுரை கேட்காதீங்க, அது பிள்ளைக்குப் பயணத்தையே கசப்பாக்கும். படம் வரையட்டும், போதும்.

ஆங்கிலத்துக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசிப்போம், அவ்வளவே.

சேக்காளிகள் விஷயத்தில் மெத்தனமாக இருக்கக் கூடாது. பள்ளியில் தானாகக் கிடைப்பது வீட்டில் தானாகக் கிடைக்காது. சாயங்காலம் நாலரைக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் எங்கள் பிள்ளைகளின் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. ஞாயிற்றுக்கிழமை சிலம்ப வகுப்பு. கோயில் கொடைத் திருவிழா வந்தால் அந்த வாரம் பாடமே கிடையாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டைரி போடுங்கள். தேதி, என்ன செய்தது, எங்கே திணறியது, இரண்டு வரி போதும். நான் ராத்திரி சோறு வடித்துவிட்டு எழுதுவேன். இதோடு ஒரு ஃபைலில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (மாணவர் பதிவு எண்) நான்கையும் வையுங்கள். தனித்தேர்வுக்கு எழுதிப் போட்டாலும் சரி, மறுபடி பள்ளியில் சேர்த்தாலும் சரி, முதலில் கேட்பது இவற்றைத்தான்.

ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளிடம் கேட்கிறோம், அடுத்த வருடம் வீடா, பள்ளிக்கூடமா என்று. மகள் ஆறாம் வகுப்பு வயதுக்கு வந்தபோது அந்த ஒதுக்கீட்டு விவரத்தையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தான் கேட்டோம். வீடு என்றாள். சின்னவனுக்குப் பக்கத்து வீட்டுப் பையனோடு பள்ளிக்கூடம் போய்ப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. மே வரைக்கும் அந்த ஆசை நின்றால் ஜூனில் சேர்த்துவிடுவோம்.