அசுவினியை உண்ணும் பூச்சிகள் ஒன்றையொன்று உண்ணாமல் காப்பது எப்படி?

செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைக் கட்டுப்படுத்த, அதைத் தின்னும் இரைவிழுங்கிப் பூச்சிகளைச் செடிகளில் விடுபவர்கள், வகைகள் கூடக் கூடப் பலனும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிர்பிட் ஈ ஆகியவற்றின் புழுக்கள் ஒரே தளிரில் எதிர்ப்பட்டால், பெரும்பாலும் பெரியது சிறியதைத் தின்றுவிடும். 1993-இல் வெளியான கலிபோர்னியப் பருத்தி வயல் ஆய்வு ஒன்றில், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் தனியே இருந்தபோது அசுவினியை நன்றாகக் குறைத்தன; பிற பூச்சிகளைக் குத்திச் சாறு உறிஞ்சும் கொலைகார நாவாய்ப் பூச்சிகளும் உடன் இருந்தபோது அந்தப் புழுக்களே இரையானதால், அசுவினிக் கட்டுப்பாடு குலைந்தது.

ஆகவே எதையும் விடுவதற்கு முன், கைலென்சுடன் தளிர்களையும் இலைகளின் அடிப்புறத்தையும் நிதானமாகப் பாருங்கள். பொறிவண்டின் முட்டைகள் மஞ்சள் நிறத்தில் கொத்தாக நிற்கும். சிர்பிட் ஈயின் வெண்முட்டைகள் அசுவினிகளுக்கு இடையே தனித்தனியே கிடக்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையோ மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும். ஊர்ந்து வரும் புழுக்களுக்கு அந்த முட்டை எளிதில் எட்டாது என்பதால், இக்காம்பை மிக நேர்த்தியான தற்காப்பு என்றே சொல்வேன். முட்டைகளும், தோலுரிக்கும் புழுக்களும், கூட்டுப்புழுக்களும் தப்பியோட இயலாதவை என்பதால், இழப்பு அங்கேதான் அதிகம். சாறு உறிஞ்சப்பட்டுச் சுருங்கிய புழுத்தோலோ கடித்துக் குதறப்பட்ட முட்டைக் கொத்தோ கண்ணில் பட்டால், அங்கே இந்த மோதல் நடப்பதாகச் சந்தேகிக்கலாம்.

அடுத்து அசுவினியின் அளவை மதிப்பிடுங்கள். அது ஏராளமாக இருக்கும்வரை இந்தப் பூச்சிகள் ஒன்றையொன்று தாக்குவது குறைவு. அது அருகும்போதுதான் பசி அவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏவுகிறது. ஆகையால் அசுவினி குறைந்துவிட்ட செடிகளில் புதிதாக எதையும் விட வேண்டாம். விடும்போது ஓர் இடத்தில் ஒரு வகையை மட்டும் விடுங்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் தம் இனத்தையே உண்பவை என்பதால், அவற்றைக் குவியலாகக் கொட்டாமல் செடிக்குச் செடி பிரித்து விடுவது அவசியம். பழுப்பேறி உப்பிய அசுவினிகள் தென்பட்டால், அவற்றினுள் ஒட்டுண்ணிக் குளவிகள் வளர்கின்றன என்று பொருள். பொறிவண்டுகள் அவற்றையும் தின்னும் என்பதால், அச்செடிகளில் பொறிவண்டை விடாமல் குளவிகள் வெளிவரும்வரை பொறுத்திருங்கள்.

விட்ட சில நாட்களுக்குப் பின் அதே தளிர்களை மீண்டும் பார்த்து, அசுவினியோடு புழுக்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். அசுவினி குறையாமலே புழுக்கள் மட்டும் மறைந்திருந்தால், மேலும் விடுவதை நிறுத்திவிட்டு அவற்றை உண்பது எது என்று முதலில் தேடுங்கள்.