கடவுள் இல்லாமல் அறம் நிற்குமா: அண்ணனோடு சண்டை போடாமல் வாதிடும் முறை

எனக்கும் அண்ணனுக்கும் இந்த வாதம் இருபது வருடப் பழக்கம். அவர் தினமும் பிரார்த்தனை செய்பவர், நான் செய்யாதவன். "கடவுள் பயமே இல்லாதவனுக்கு நல்லது கெட்டது எங்கேயிருந்துடா வரும்?" என்று ஆரம்பிப்பார். நான் மதத்தின் பேரால் நடந்த போர்களை எடுத்து வைப்பேன். அவர் மதமே கூடாது என்ற ஆட்சிகள் செய்த கொலைகளை எடுத்து வைப்பார். பிணங்களை எண்ணி முடித்ததும் எழுந்து போய்விடுவோம். இப்போது அப்படி முடிவதில்லை. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் போர்களையும் ஆட்சிகளையும் ஒதுக்கிவிட்டு, கைக்கெட்டிய சின்னச் செயல் ஒன்றை எடுங்கள். எங்களுக்கு அமைந்தது அப்பாவின் கடன். நண்பரிடம் கைமாற்றாக வாங்கியது, பத்திரம் கிடையாது. அப்பா போனார், அடுத்த வருடம் நண்பரும் போனார். நண்பரின் மகனுக்கு விஷயமே தெரியாது. அப்பா கடைசியாக எங்கள் இருவரிடம் சொன்னது மட்டும்தான் சாட்சி. கொடுக்க வேண்டுமா? ஆமாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஏன் என்பதில்தான் தகராறு.

அடுத்து அந்த 'ஏன்' என்பதை மூன்றாகப் பிரியுங்கள். நல்லது எது என்று எப்படித் தெரிந்துகொண்டோம்? அது எதனால் நல்லது? தெரிந்தபின் நம்மைச் செய்ய வைப்பது எது? இந்த மூன்றையும் குழப்பியதில்தான் எங்கள் இருபது வருடமும் போயிற்று.

முதல் கேள்வியில் நேரத்தை வீணாக்காதீர்கள். நாங்கள் இருவரும் பாட்டி சொன்ன சாமி கதைகளில்தான் கற்றோம், நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டலை வாத்தியாரிடம் கற்றதால் கூட்டல் அவர் சொத்தாகிவிடாது.

இரண்டாவதுதான் ஆழமான இடம். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கேட்பதைக் கேளுங்கள்: கடவுளர் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் அவர்கள் விரும்புகிறார்களா? முதலாவது என்றால், நாளைக்கே கடனை ஏமாற்றச் சொன்னால் அதுவும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நன்மை கடவுளுக்கு முன்பே நிற்கிறது. அண்ணன் அசரவில்லை. "கடவுளின் இயல்பே நன்மைதான், அவர் அப்படிச் சொல்லவே மாட்டார்" என்றார். நல்ல பதில், லேசில் தள்ளிவிடாதீர்கள். அந்த இயல்பு நல்லது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். உளவியலாளர்கள் லாரி நுச்சியும் எலியட் டுரியலும் மதப்பற்றுள்ள கிறிஸ்தவ, யூதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். கடவுள் விதிக்காவிட்டால் ஓய்வுநாளில் வேலை செய்வது தப்பில்லை என்றார்கள் பெரும்பாலான பிள்ளைகள். ஆனால் கடவுளே சொன்னாலும் திருடுவது சரியாகிவிடாதாம்.

இங்கே ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவசரம். இதே பிரம்பை உங்கள் பக்கமும் திருப்ப வேண்டும். எங்கள் கடனைப் போன்ற ஒன்றை ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1788இல் எழுதியிருக்கிறார்: ஒருவர் என்னிடம் பொருளை ஒப்படைத்துவிட்டு, எழுத்து எதுவும் விடாமல் இறந்துபோனார், நான் மறுத்துவிடலாமா? எல்லோரும் அப்படி மறுக்கலாம் என்றால், ஒப்படைப்பு என்ற ஒன்றே உலகில் இருக்காது என்பது அவர் பதில். அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். "இல்லாமல் போகட்டுமே, எனக்கென்னடா?" என்றார். தத்துவஞானி ஹியூம் காட்டிய பள்ளம் அதுதான். 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து 'இப்படிச் செய்ய வேண்டும்' என்பது தானாக வந்துவிடாது. தோண்டிக்கொண்டே போனால் என் நியாயமும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது: இன்னொருவன் இழப்பு என் இழப்பு அளவுக்கே நிஜம். அதற்குக் கீழே என்னிடம் எதுவும் இல்லை. எதிராளி பிடிப்பதற்குள் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள், பேச்சின் சூடு பாதி குறையும்.

மூன்றாவதில் தோற்கத் தயாராக இருங்கள். கடவுளை மறுப்பவனை வாக்குறுதியும் சத்தியமும் கட்டாது என்று 1689இல் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் எழுதினார். எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. பதிலுக்கு உளவியலாளர்கள் டார்லியும் பேட்சனும் 1973இல் வெளியிட்ட சோதனையைக் காட்டினேன். வழியில் சுருண்டு கிடந்தவருக்கு இறையியல் மாணவர்கள் உதவுகிறார்களா என்று பார்த்தார்கள். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். பக்தியை விட கடிகாரம்தான் தீர்மானித்தது என்றேன். அண்ணன் சிரித்தார். காரணம் உண்டு. அப்பா சொன்ன வாரமே அவர் தன் பங்கை எடுத்து வைத்துவிட்டார். நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். வட்டி சேர்க்க வேண்டுமா, அப்பா ஏற்கெனவே பாதியைத் திருப்பியிருப்பாரோ என்றெல்லாம் யோசித்தேன். அந்த மாணவர்களுக்காவது நேரமில்லை. எனக்கு நேரம் தாராளமாக இருந்தது, நியாயம் யோசிக்கிறேன் என்ற பெயரில் தள்ளிப்போட்டேன்.

இருவரும் சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். நாங்கள் இப்போது வேறொன்றை எடுத்திருக்கிறோம்: சாகப்போகிறவர் கேட்டால் ஆறுதலுக்காகப் பொய் சொல்லலாமா? போன வாரம் இரண்டாம் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டோம். இந்த முறை பொய்யே கூடாது என்பது நான், பரவாயில்லை என்பது அவர்.