போர்க்கால டோக்கன் கிடைத்தால் தேய்க்காமல் சோதிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, மீதிக் காசு கொடுக்க வழியில்லாத கடைக்காரர்கள் சீட்டும் டோக்கனும் கொடுத்துச் சமாளித்தார்கள். 1943-ல் அரசாங்கமே உலோகத்தை மிச்சம்பிடிக்க ஓட்டைக் காலணா வெளியிட்டது. பழைய காலணா ஏறக்குறைய 4.9 கிராம், இது 2 கிராம்தான்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய டிரங்குப் பெட்டியில் அப்படியொரு டோக்கன் வில்லை கிடைத்தால், தயவுசெய்து புளியும் உப்பும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்து, மேலே செம்பு நிறத் திட்டுகளை விட்டுவிடும். உப்பு எழுத்தின் இடுக்கில் தங்கி, மழைக்காலத்தில் இளம்பச்சைப் பொடியாகக் கிளம்பும். சுரண்டினாலும் திரும்ப வரும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எழுத்தைப் படியுங்கள். அணா, பை என்று பழைய காசு மதிப்பு இருந்தால் காசுக்குப் பதிலாக ஓடியிருக்கலாம். வெறும் எண் மட்டும் என்றால், தேயிலை எஸ்டேட்டில் ஆள் அடையாளத்துக்கோ இலை எடைக் கணக்குக்கோ கொடுத்ததாக இருக்கலாம். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957 அல்லது அதற்குப் பிந்தையது. ஆண்டே இல்லையென்றால் போர்க்காலம் என்று அடித்துச் சொல்ல முடியாது; இலங்கைக் காப்பித் தோட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே டோக்கன் புழங்கியது.

அடுத்து காந்தம். ஒட்டினால் இரும்பாக இருக்கலாம், தண்ணீர் காட்ட வேண்டாம். பித்தளை நிறத்தில் இருந்தும் ஒட்டினால் அது மேல்பூச்சு, சந்தேகப்படுங்கள்.

ஒட்டாததை அடர்த்தி பார்க்கலாம். இதற்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், 0.1 கிராம் தராசில் செம்பும் பித்தளையும் ஒன்றாகவே தெரியும். முதலில் உலர்ந்த எடை. பிறகு காய்ச்சி வடித்த நீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வில்லையை மெல்லிய நூலில் கட்டி முழுக்க மூழ்கவிடுங்கள். அடியைத் தொட்டால் கணக்கு போச்சு. எழுத்தில் ஒட்டும் காற்றுக்குமிழியும் கெடுக்கும்; நூலை லேசாகச் சுண்டினால் விலகும். உலர்ந்த எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 4.30 கிராம், நீரில் 0.51 என்றால் 8.4: பித்தளை. செம்பு 8.9, துத்தநாகம் 7.1, அலுமினியம் 2.7. முடிந்ததும் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

விளிம்பைச் சுற்றி ஒரே கோடாகப் பிசிர் ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம்.

பச்சைப் பொடி கண்டதைத் தனியே பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, சில நாளுக்கொருமுறை நீரை மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகும். மற்றவற்றை பாலியெஸ்டர் உறையில், சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கு விடும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே ஜெல்லை மாற்றிவிடுவது நல்லது. அட்டைச் சீட்டுகளுக்கு லேமினேஷனும் செலோடேப்பும் ஆகவே ஆகாது.