உம்கேனி ஆற்று வடிநிலத்தை ஸ்வாட் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களுக்கு உம்கேனி ஆறு முதலில் அறிமுகமானது காய்கறித் தோட்டங்கள் வழியாகத்தான். 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் கீரையும் மிளகாயும் பயிரிட்டுப் பிழைத்தனர். 1917 அக்டோபர் வெள்ளம் அந்தத் தோட்டங்களை அடித்துக்கொண்டு போனபோது படவாட்டன் குழுவினர் ஆறு பேர் படகிறக்கி நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்ட செய்தி இன்றும் இங்கே பேசப்படுகிறது. அதே ஆற்றின் நீரளவையும் நீரின் தரத்தையும் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க விரும்பும் நம் மாணவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் உருவான ஆக்ரு என்ற நீரியல் கணினி மாதிரி இந்த மண்ணுக்கு நன்கு பழகியது. காட்டு மரத் தோட்டங்கள் ஆற்றுநீரை எவ்வளவு குறைக்கின்றன என்ற கேள்விக்கு அதையே பரிந்துரைப்பேன். பாஸ்பரஸ், நைட்ரேட், வண்டல் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமானால், அமெரிக்க வேளாண் துறையும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் வளர்த்த ஸ்வாட் பொருத்தமானது. அது இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளுக்குள்ளேயே இணைப்பாக இயங்குகிறது.

முதல் வேலை வடிநிலத்தின், அதாவது மழைநீர் இந்த ஆற்றுக்கு வடிந்து வரும் நிலப்பரப்பின், எல்லையை வகுப்பது. 30 மீட்டர் நுணுக்கமுள்ள எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைப் பதிவிறக்கி, அதை யூடிஎம் என்ற வரைபட ஆயமுறையின் 36 தெற்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மண் படம், நிலப் பயன்பாட்டுப் படம் எல்லாமும் அதே மண்டலத்தில் இருக்க வேண்டும். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் சரிவு செங்குத்தானது என்பதால் மென்பொருள் ஓடைகளைத் தானே சரியாகக் கண்டுபிடித்துவிடும். கடலோரத் தாழ்நிலத்தில் அது தடுமாறும் என்பதால் அங்கே ஆற்றின் கோட்டுப் படத்தைத் தரவில் பதித்துவிடுவது நல்லது. துணை வடிநிலங்களின் வெளியேறு முனைகளை மென்பொருளின் விருப்பத்துக்கு விடாமல், நீரோட்ட அளவீட்டு நிலையங்கள், அணைகள், ம்சுண்டூசி ஆறு உம்கேனியில் கலக்கும் இடம் ஆகியவற்றில் நீங்களே வையுங்கள். அளவீடு இல்லாத இடத்தில் கிடைக்கும் விடையை ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை.

அடுத்து நிலப் பயன்பாடு, மண், சரிவு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீரியல் மறுமொழி அலகுகளை, அதாவது இம்மூன்றும் ஒரேபோல் அமைந்த நிலத் துண்டுகளை, உருவாக்க வேண்டும். தென்னாப்பிரிக்கத் தேசிய நிலப்போர்வைப் படத்தின் வகைகளை ஸ்வாட் அறிந்த வகைகளோடு பொருத்தும் அட்டவணையை நீங்களே தயாரிக்க நேரிடும். அலகுகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பலரும் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை விட்டுவிடும் வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகின்றனர். அந்த வரம்பு, பரப்பில் சிறிதான ஆற்றோரக் குடிசைப் பகுதிகளையும் சதுப்பு நிலங்களையும் முற்றாக நீக்கிவிடுகிறது. மாசு அதிகம் எழும் இடமும் அதைப் பிடித்து நிறுத்தும் இடமும் பெரும்பாலும் அவைதாம். ஆகவே அவற்றுக்கு விதிவிலக்குத் தரும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

மழைத் தரவில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. இந்நாட்டில் மழைமானியைக் காலை 8 மணிக்கு வாசிப்பது வழக்கம். ஆற்று நீரோட்டத்தின் நாள் சராசரியோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடப்படுகிறது. வாசித்த நாளின் தேதியிலேயே மழை பதிவாகியிருந்தால், முந்தின நாள் மாலை கொட்டிய மழை உங்கள் மாதிரியில் ஒரு நாள் தாமதமாகப் பெய்யும். நாள்வாரி ஒப்பீட்டில் எந்த அளவுருவை (மாதிரியில் நாம் மாற்றக்கூடிய எண்ணை) திருகினாலும் அந்தத் தவறு தீராது. மழைமானிகள் குறைவான மலைப்பகுதிகளுக்கு 1981 முதல் கிடைக்கும் சிர்ப்ஸ் செயற்கைக்கோள் மழைத் தரவைத் துணையாகக் கொள்ளலாம்.

இனி வருவதுதான் இந்த ஆற்றைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது. உம்கேனி தன்போக்கில் ஓடும் ஆறு அன்று. நேகிள், 1965-இல் முடிந்த மிட்மார், 1976-இல் ஆல்பர்ட் ஃபால்ஸ், 1989-இல் இனாண்டா என நான்கு அணைகள் அதன் ஓட்டத்தை அடக்குகின்றன. போதாக்குறைக்கு, பக்கத்து வடிநிலமான மூயி ஆற்றிலிருந்து பம்பு வழியாக எடுக்கப்படும் நீர் ம்போஃபானா ஓடையில் விடப்பட்டு, லயன்ஸ் ஆறு வழியாக மிட்மாருக்கு வந்து சேருகிறது. 2013-இல் ஸ்பிரிங் குரோவ் அணை வந்த பிறகு இதற்கான நீர் இருப்பு கூடிவிட்டது. மழையிலிருந்து பிறக்காத இந்த நீர் உங்கள் மாதிரிக்குத் தெரியாது. முதன்முறை நான் இதைச் சேர்க்க மறந்து, குளிர்கால ஓட்டம் அளவீட்டைவிடக் குறைவாக வருகிறதே என்று நிலத்தடி நீர் அளவுருக்களை மாற்றிக்கொண்டே போனேன். பொருத்தம் அழகாகக் கூடியது. நீராவிப்போக்கு (மண்ணும் செடிகளும் ஆவியாக்கும் நீர்) மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. பம்பில் வந்த நீரை நிலத்தடியிலிருந்து வரவழைக்க, செடிகளின் பங்கை நான் பறித்திருக்கிறேன் என்பது இரண்டு வாரம் கழித்தே புரிந்தது.

எனவே மாற்றிவிடப்படும் நீரை, அது வந்து சேரும் துணை வடிநிலத்தில் நாள்வாரி அல்லது மாதவாரி உள்வரவாகக் கொடுங்கள். அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரின் உண்மையான பதிவு கிடைத்தால் அதையே இடுங்கள். மென்பொருள் ஊகிக்கும் திறப்பு விதியைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் டார்வில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ம்சுண்டூசியில் விடும் நீரும் அதிலுள்ள ஊட்டச்சத்துகளும் புள்ளி மூலமாக, அதாவது ஓரிடத்திலிருந்து வரும் உள்வரவாக, சேர வேண்டும். வறண்ட மாதங்களில் அந்த ஆற்றின் பாஸ்பரஸைத் தீர்மானிப்பதில் வயல்களைவிட இத்தகைய மூலங்களுக்கே பங்கு அதிகம்.

கரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்வாட்டின் பயிர்க் கணக்கில் பல இயல்பு அமைப்புகள் வட அரைக்கோளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பயிர் வளர்ச்சியைக் கணிக்க உதவும் வெப்ப அலகுகளை அது ஜனவரி 1-இலிருந்து கூட்டத் தொடங்குகிறது, நமக்கோ அது நடுக்கோடை. அகலக்கோட்டை எதிர்ம எண்ணாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, நடவு, உரமிடல், அறுவடைத் தேதிகளை நீங்களே எழுதுங்கள். குவாசூலு-நட்டாலின் கரும்பு ஓராண்டைத் தாண்டியும், உள்நாட்டுப் பகுதிகளில் இரண்டாண்டு வரையும் நிற்கும் என்பதால், ஆண்டுதோறும் வெட்டுவதாக வைப்பது தவறு.

மாதிரியை முதன்முதலாக ஓட்டும்போது, மண்ணீரமும் நிலத்தடி நீரும் நிலைபெற முதல் 3 ஆண்டுகளை முன்னோட்டமாக ஒதுக்கிவிடுங்கள். பிறகு ஆற்றோட்ட வரைகோட்டைப் பார்க்குமுன் ஆண்டு நீர்ச் சமநிலையைப் பாருங்கள்: பெய்த மழையில் பெரும்பங்கு நீராவிப்போக்காகப் போயிருக்க வேண்டும், பாதிக்குமேல் ஆற்றுக்கு வந்திருந்தால் எங்கோ பிழை இருக்கிறது. மேற்பரப்பு ஓட்டத்தை ஆளும் வளைவெண் எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரே நாளில் 60 மி.மீ. மழை பெய்தால், வளைவெண் 75 உள்ள நிலத்தில் சுமார் 14.5 மி.மீ. வழிந்தோடும், வளைவெண் 85 ஆனால் அது சுமார் 27 மி.மீ. ஆகிவிடும். பத்து எண் உயர்ந்ததற்கே ஓட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே அதை எல்லா நிலங்களுக்கும் ஒரே விழுக்காட்டில் ஏற்றி இறக்கும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை.

அளவுருக்களைச் சரிசெய்யும்போது வரிசை மாறக் கூடாது: முதலில் நீர், அடுத்து வண்டல், அதன் பிறகே ஊட்டச்சத்துகள். மேல்முனையிலிருந்து கீழ்முனை நோக்கி ஒவ்வோர் அளவீட்டு நிலையமாக நகருங்கள். மாதவாரிக் கணக்குக்கு 2007-இல் மொரியாசி குழுவினர் முன்வைத்த வரம்புகள் பரவலாகப் பயன்படுகின்றன: மாதிரி அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (முழுப் பொருத்தத்துக்கு 1) 0.5-க்கு மேல் இருக்க வேண்டும். மாதிரியின் மொத்தம் அளவீட்டிலிருந்து விலகும் சாய்வு விழுக்காடு நீரோட்டத்துக்கு 25-க்குள்ளும், வண்டலுக்கு 55-க்குள்ளும், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கு 70-க்குள்ளும் அடங்க வேண்டும். சரிசெய்யப் பயன்படுத்தாத ஆண்டுகளில் அதே அளவுருக்களை வைத்து மறுபடி சோதித்த பிறகே முடிவை ஏற்க வேண்டும்.

நீர்த்தரத்தில் பிழைகள் பெரும்பாலும் அலகுகளில்தான் நுழைகின்றன. ஆய்வகம் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் குறித்ததா, முழு நைட்ரேட்டாகக் குறித்ததா என்று பாருங்கள், இரண்டுக்கும் 4.43 மடங்கு வேறுபாடு. பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள வேறுபாடு 3.07 மடங்கு. கரைந்த ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டும் அளந்த பதிவை, மாதிரி தரும் மொத்த பாஸ்பரஸோடு ஒப்பிடுவது மற்றொரு பொதுவான தவறு. செறிவைச் சுமையாக்க, லிட்டருக்கு மில்லிகிராமில் உள்ள அளவை நொடிக்குக் கன மீட்டரில் உள்ள ஓட்டத்தாலும் 86.4-ஆலும் பெருக்குங்கள்: 0.1 மில்லிகிராம் செறிவும் 5 கன மீட்டர் ஓட்டமும் இருந்தால் நாளொன்றுக்கு 43.2 கிலோகிராம். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஆற்றில் எடுக்கப்படும் நீர் மாதிரிகள் வெள்ள நாட்களைத் தவறவிடுகின்றன என்பதையும், ஆண்டுச் சுமையின் பெரும்பகுதி அந்தச் சில நாட்களிலேயே போய்விடுகிறது என்பதையும் நினைவில் வைத்து, சராசரிச் செறிவை நம்பி ஏமாறாதீர்கள். ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் ஸ்வாட்டில் கணக்கு உண்டு. ஆனால் உடைந்த சாக்கடைக் குழாய் எந்த நாளில் உடைந்தது என்பது எந்த உள்ளீட்டுக் கோப்பிலும் இராது என்பதால், அதை நாள்வாரியாகப் பொருத்த முயல்வதை நான் கைவிட்டுவிட்டேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியின் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ. அளவுக்கு மழை கொட்டியது. கழிவுநீர் நிலையங்களும் சேதமடைந்தன. அந்த ஆண்டைச் சரிசெய்யும் காலத்தில் சேர்க்காதீர்கள். பெருவெள்ளத்தில் நீர்மட்டம், அதை ஓட்டமாக மாற்றும் அளவீட்டு அட்டவணையின் உச்சத்தைத் தாண்டிவிட்டால் பதிவான ஓட்டம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். புள்ளி மூலங்களின் அளவும் முந்தைய ஆண்டுகளைப் போல இராது. நிலப் பயன்பாட்டை மாற்றிப் பார்க்கும் சோதனைகளை ஓட்டும்போது அணைத் திறப்பையும் மூயி ஆற்று உள்வரவையும் இரு ஓட்டங்களிலும் ஒன்றேபோல் வைத்துவிட்டு, இனாண்டா அணைக்குள் நுழையும் பாஸ்பரஸ் எத்தனை விழுக்காடு கூடியது அல்லது குறைந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.