மீட்டரில் வரும் எண் மதிப்பெண் அல்ல: டைப் 1 குழந்தை உள்ள வீட்டுக்கு

டைப் 1 சர்க்கரை நோய் இனிப்பு சாப்பிட்டதால் வருவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் வருகிறது. இதை அம்மாவும் அப்பாவும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். குழந்தையிடமும் கூடப் பிறந்தவர்களிடமும் தனித்தனியே சொல்லுங்கள். "நான் செஞ்ச தப்பாலதான் வந்துச்சா?" என்ற கேள்வியைப் பல குழந்தைகள் கேட்காமலே மனதில் வைத்திருக்கும்.

வீட்டில் சண்டை பெரும்பாலும் மீட்டரில் (ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி) வரும் எண்ணில்தான் தொடங்குகிறது. 280 என்று பார்த்ததும் "என்னத்தத் தின்ன?" என்று கேட்டால், குழந்தை நாளடைவில் நோட்டில் 140 என்று எழுதப் பழகிவிடும். மீட்டரின் பதிவில் வேறு எண் இருக்கும், அல்லது பரிசோதனையே நடந்திருக்காது. அது கெட்ட குணம் அல்ல, திட்டுக்குப் பயம். "நல்ல சுகர், கெட்ட சுகர்" என்ற பேச்சை விட்டு "கூட இருக்கு, குறைவா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். எண் எதுவானாலும் முதல் வார்த்தை, "பார்த்தது நல்லது, இப்ப என்ன செய்யலாம்?" ஏன் ஏறியது என்ற விசாரணை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வேண்டாம். சாப்பாடு மட்டுமே காரணமும் அல்ல: காய்ச்சல், பரீட்சைப் பதற்றம், பருவ வயது ஹார்மோன், ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன தோல், சூட்டில் வீரியம் இழந்த இன்சுலின் என எதுவும் இருக்கலாம்.

காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், பிடிவாதம் வந்தால் திட்டும் முன் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூளைக்கே குளுக்கோஸ் போதவில்லை. அப்போது புத்திமதி காதில் ஏறாது. மருத்துவர் எழுதித் தந்த அளவு குளுக்கோஸ் கொடுங்கள் (வழக்கமாக எடையில் கிலோவுக்கு 0.3 கிராம், 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம்). 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் சரியானாலும் மனம் தெளியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பேச்சு அதற்குப் பிறகுதான். மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். குளுக்ககான் (சுகரை உயர்த்தும் அவசர மருந்து) இருந்தால் போட்டு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். சுகர் சரியாக இருந்தும் அடம் பிடித்தால் அது வெறும் அடம். மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள அதே கண்டிப்புதான்.

ஊசிக்கு அழுகிற குழந்தையிடம் "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். ஊசி போடுவதா வேண்டாமா என்பதில் பேரம் கிடையாது. தொடையா வயிறா, எந்த விரல் என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் அறை வெப்பத்தில் இருந்தால் எரிச்சல் குறையும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். எல்லாம் எடுத்து வைத்த பிறகு குழந்தையைக் கூப்பிட்டு ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்; காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் வளர்கிறது. "சாப்பிடலேன்னா ஊசி போடுவேன்" என்ற மிரட்டல் எந்த நாளும் கூடாது.

இரவுக் கண்காணிப்பை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் வேறு அறையில் தூங்கட்டும். அலாரம் அடிக்கும் போன் முறைக்காரரிடமே இருக்கட்டும். மாவுச்சத்துக் கணக்கும் டோஸ் கணக்கும் இருவருக்கும் தெரிய வேண்டும். எல்லாம் ஒருவர் தலையிலேயே விழும் வீட்டில் அவர் களைத்துப்போவார், மற்றவர் பயந்து ஒதுங்குவார். கூடப் பிறந்தவர்களோடு சுகர் பேச்சே இல்லாத நேரம் ஒன்றையும் வாரந்தோறும் ஒதுக்குங்கள்.

பதின்வயதில் "இனி நீயே பார்த்துக்கோ" என்று மொத்தமாகக் கைமாற்றுவது மிகவும் சகஜம், மிகவும் ஆபத்தும் கூட. குழந்தை கணக்குப் போடட்டும், நீங்கள் சரிபாருங்கள். பல மாதங்கள் ஒழுங்காக நடந்தபின் ஒரு வேளையின் பொறுப்பை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். எடை குறைந்துகொண்டே எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறினால், மெலிவதற்காக இன்சுலினைத் தவிர்க்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சோர்வும் ஒதுக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசனை தேவை. "செத்துடலாம் போல இருக்கு" என்று சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை தனியே விடாதீர்கள். இன்சுலினைப் பெரியவர் கைவசம் வைத்து, ஒரு வேளையும் தவறாமல் பெரியவரே போட வேண்டும்.